பால் காய்ச்சிய வரிசை

தாமிரபரணிப் பக்கம் வீடு என்று சொன்னால் போதும், சென்னையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வற்றாத ஆறு, படித்துறை, விடிகாலைக் குளியல் என்று அவர்களே அடுக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, அந்த ஆற்றுத் தண்ணீரில் ஒரு குடம் பிடிக்க நாங்கள் பட்ட பாட்டை இவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

திருநெல்வேலி டவுணுக்கு மேற்கே, இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் மண்ணடித்து, மேடாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். முகப்பில் பெரிய வளைவு. அதில் ஆற்றின் பெயரையே நகரின் பெயராக எழுதியிருந்தார்கள். பெயரை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். விளம்பரத் தாளில் 'ஜங்ஷனிலிருந்து பத்தே நிமிடம்' என்றும், 'சுவையான ஆற்றுக் குடிநீர்' என்றும் போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஜங்ஷனிலிருந்து எங்கள் வளைவுக்கு வர வேண்டுமென்றால் காக்காயாகப் பிறந்திருக்க வேண்டும். அப்பா அதையெல்லாம் நம்பினார். அம்மாவின் வளையல்கள் போய் வீடு வந்தது.

குடிநீர் என்று போட்டதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆற்றுக்குள் கிணறு இறக்கி, அதிலிருந்து ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவு பெரிய குழாய் எங்கள் தெருவுக்கு அடியில்தான் போனது. எங்கோ கரிசல் காட்டில் இருந்த ஓர் ஊருக்கு அதில் தண்ணீர் போனது. அவர்களும் குடிக்கத்தானே வேண்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் எங்கள் வாசல்படிக்கு அடியில் ஆறே ஓடிக்கொண்டிருக்க, எங்களுக்கு ஒரு குழாய் கிடையாது. நகரத்து ஆபீசில் கேட்டால், "நீங்க எங்க எல்லைக்குள்ள வரல" என்றார்கள். ஊராட்சியில் கேட்டால், மனை போட்டவர்கள் இன்னும் தெருவை முறைப்படி ஒப்படைக்கவில்லை என்றார்கள். வீட்டு வரி மட்டும் யாரும் ஒப்படைக்காமலேயே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு போர் போட்டுப் பார்த்தோம். வந்தது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி தேங்காய் நார்போல ஆகிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் தெரு முக்கில் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. அந்தப் பெரிய குழாயிலிருந்து காற்று வெளியேறுவதற்கு அங்கே ஒரு வால்வு வைத்து, சுற்றிலும் செங்கல் தொட்டி கட்டியிருந்தார்கள். அந்த வால்வின் கழுத்திலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இரவு பகல் இல்லை, மழை வெயில் இல்லை. விளம்பரத் தாளில் சொன்ன சுவையான ஆற்றுக் குடிநீர் அதுதான். நகர் முழுக்க அங்கேதான் குடத்தை வைத்தது.

எங்கெல்லாம் தண்ணீருக்கு நிற்கிறார்களோ அங்கெல்லாம் சண்டை இருக்கும். எங்கள் வால்வில் சண்டை கிடையாது. காரணம், குடங்களின் வரிசை பால் காய்ச்சிய வரிசை. நகரில் முதலில் யார் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடி வந்தார்களோ அவர்கள் குடம் முதலில், அடுத்து வந்தவர்கள் குடம் அடுத்து. முதலில் பால் காய்ச்சியது முக்கு வீட்டு அத்தை. வளைவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே, பாம்பும் தவளையுமாகக் கிடந்த இடத்தில் தைரியமாக வந்து உட்கார்ந்தவள் அவள். கணவர் லாரி ஓட்டினார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வால்வு அவள் ராஜ்ஜியம். எங்கள் வீடு நாலாவது. யார் கலெக்டராக இருந்தாலும் நாலாவது வீட்டுக் குடம் நாலாவதுதான்.

இப்படி ஒழுங்காக ஒழுகிக்கொண்டிருந்ததை என் அப்பா கெடுத்தார்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். யாரையாவது ரயிலேற்றிவிடப் போனால்கூடப் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்காமல் உள்ளே கால் வைக்கமாட்டார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கையாட்டிக்கொண்டிருப்போம், வண்டி கிளம்பிவிடும், அவர் கவுண்டரில் சில்லறைக்குக் காத்துக்கொண்டிருப்பார். அவருடைய இன்னொரு வியாதி, மனு எழுதுவது. தெருவிளக்குக்கு எழுதினார், பஸ் நிறுத்தத்துக்கு எழுதினார், குழாய் இணைப்புக்கு எத்தனையோ தடவை எழுதினார். எழுதியதை எங்களை உட்காரவைத்து வாசித்தும் காட்டுவார். எதற்கும் பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு கோடையில் அவருக்குப் புது யோசனை வந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் ஒருவரும் வருவதில்லை, தண்ணீர் வீணாகிறது என்று எழுதினால் அலறிப் புடைத்துக்கொண்டு வருவார்கள், வந்த இடத்தில் இத்தனை குடங்களையும் பார்த்தால் மனமிரங்கி இணைப்புக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். முதல் பத்தியில் தண்ணீர் வீணாவதைப் பற்றி உருக்கமாக எழுதினார். இரண்டாவது பத்தியில் இணைப்புக் கேட்டார். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் பெரிய வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்.

யோசனையில் பாதி பலித்தது. ஒரே வாரத்தில் ஜீப் வந்தது, பின்னால் சிமென்ட் மூட்டையோடு ஒரு வேன் வந்தது. பழைய வாஷரைப் பிடுங்கிப் புதியது போட்டு, நட்டுகளை இறுக்கி, தொட்டியின் மேல் சிமென்ட் பலகையை மூடி, சாயங்காலத்துக்குள் ஒழுக்கை நிறுத்திவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் அரசாங்க வேலை அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வந்த அதிகாரி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், உங்கள மாதிரி பொறுப்பான ஆளுங்க ஊருக்கு நாலு பேரு இருந்தாப் போதும்."

"சார், அந்த ரெண்டாவது பத்தி..." என்றார் அப்பா.

"இது பம்பிங் மெயின் சார். நடுவுல இணைப்புக் குடுக்க விதி கெடையாது."

விதி கிடையாது என்றால் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச வராது. ஜீப் போய்விட்டது. கையில் காலிக் குடங்களோடு தெருவே எங்கள் வாசலில் வந்து நின்றது.

"ஏன் சார், உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணுனோம்?" என்று முக்கு வீட்டு அத்தைதான் ஆரம்பித்தாள். "ஒழுகுததுக்குப் போயி யாராவது மனுக் குடுப்பாவளா?"

"முறைப்படி இணைப்புக் குடுக்கணும்னு சேத்துத்தான் எழுதுனேன். ரெண்டாவது பத்திய அவங்க படிக்கல."

"அப்பம் அந்த ரெண்டாவது பத்தியப் பிழிஞ்சு ஆளுக்கொரு குடம் ஊத்துங்க."

 அன்றையிலிருந்து எங்கள் வீட்டோடு தெருவில் யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா ஒருவர்தான் விதிவிலக்கு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அவர் கணவர் மில்லில் மெக்கானிக்காக இருந்து இறந்துபோனவர். அந்த மனிதருடைய இரும்புச் சாமான் பெட்டி இன்னும் டீச்சரம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "நல்லது நினைச்சுத்தானம்மா செஞ்சாக" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அம்மாவுக்கு நின்று பேச நேரமில்லை. மனைகளுக்கு நடுவே விற்காமல் மிஞ்சியிருந்த ஒரே வயலில் ஒரு பம்புசெட் ஓடியது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வரப்பில் நடந்து போய்க் குடத்தை நிறைத்துக்கொண்டு வர வேண்டும். விடுமுறை நாளில் அப்பா சைக்கிளில் போனார். வயல்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்.

"வயலுக்குள்ள வீட்டக் கட்டிட்டு, இப்பம் வயலுக்கே தண்ணிக்கு வாரீரா? நல்லாருக்கு வே உம்ம நாயம்."

கேட்டாலும் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவரும் எத்தனை நாள் தாங்குவார்? சுற்றிலும் மேடாகிவிட்டதால் வாய்க்கால் தண்ணீர் அவர் வயலுக்கு ஏறவில்லை. வைகாசி முடிவதற்குள் அங்கேயும் மஞ்சள் கல் நட்டார்கள். பம்புசெட்டைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அதற்கும் அப்பாலுள்ள பழைய ஊரின் அடிபம்புக்கு நடந்தாள் அம்மா. அங்கே எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் ஊர் வயலை மேடாக்கியவர்கள் நாங்கள்தானே.

ஒருநாள் அந்தப் பாதையில் சறுக்கி விழுந்து, உடைந்த குடமும் சிராய்த்த முழங்கையுமாக வந்தாள் அம்மா. அழவில்லை. பரணில் இருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"ஆடி பொறக்கதுக்குள்ள தண்ணிக்கு ஒரு வழி பண்ணலன்னா, நான் பிள்ளயக் கூட்டிட்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போயிருவேன். இவளுக்கு டிசியும் வாங்கிருவேன். எங்க ஊர்ல தண்ணிக்கு யாரும் மனு எழுதுததுல்ல."

ஆழ்வார்குறிச்சி அம்மாவின் ஊர். டிசி என்று கேட்டதும்தான் எனக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. என் வகுப்பில் நான் லீடர். போன வாரம்தான் ஆகியிருந்தேன். அப்பா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொரு மனு எழுதினார். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

ஆனி பிறந்தது, தேரோட்டமும் வந்தது. நெல்லையப்பர் தேர் ஓடுகிற நாளில் எங்கள் பக்கத்தில் வீட்டில் இருக்கிறவன் ஒன்று நோயாளி, அல்லது வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அப்பா வருஷம் தவறாமல் வடம் பிடிப்பார். வீட்டுக்கு வந்ததும் சிவந்து பொத்துப் போன உள்ளங்கையைப் பரிசு வாங்கியதுபோல எல்லோருக்கும் காட்டுவார். அவர் வடத்தை விட்டுவிட்டு வரும்வரை நான் அம்மாவோடு ரதவீதியில் காத்திருப்பேன். அதன்பிறகு எனக்கு ராட்டினமும் மிளகாய் பஜ்ஜியும் உண்டு. இது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

அந்த வருஷம் காலையில் எழுந்ததுமே அப்பா சுருண்டு படுத்துவிட்டார். "வயிறு சரியில்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் கத்தினேன். காலை உதைத்து அழுதும் பார்த்தேன். அம்மா அவரை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வருஷத்தில் ஒருநாள் வரும் தேர், அதற்கும் இல்லையென்றால் இந்த மனிதரோடு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருவே பூட்டிக்கொண்டு கிளம்பியது. டவுண் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது, அத்தனை கூட்டத்திலும் யாரும் உட்காரவில்லை. தேர் நன்றாகத்தான் ஓடியது. அப்பா இல்லாத தேர் எனக்குத் தேராகவே தெரியவில்லை. கூட்டத்தில் ராட்டினத்துக்கு என்னைக் கூட்டிப்போக அம்மாவால் முடியவில்லை. பஜ்ஜியும் இல்லை.

சாயங்காலம் வளைவில் இறங்கி நடந்தபோது தெரு முக்கில் கூச்சல் கேட்டது. எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட பெண்கள் பட்டுச் சேலையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வால்வுத் தொட்டியின் சிமென்ட் பலகை ஓரமாக நகர்ந்து கிடந்தது. வால்வின் கழுத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தடிமன் இல்லை, இப்போது கட்டைவிரல் தடிமன்.

"நெல்லையப்பரு கண்ணத் தொறந்துட்டாரு!" என்று முக்கு வீட்டு அத்தை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். வாசலில் நின்ற டீச்சரம்மா வானத்தைப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

அப்போது டீச்சரம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து அப்பா வெளியே வந்தார். இடுப்புக்குக் கீழே வேட்டி தொப்பலாக நனைந்து, சேறும் துருவுமாக இருந்தது. வயிற்றுவலிக்காரர் நிற்கிற நிற்பா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயிறு சரியில்லன்னு சொன்னிய?"

அப்பா டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக் கட்டிலு ஆடிக்கிட்டே இருந்துச்சு பிள்ள. ஒங்க அப்பாதான் ஸ்பேனர வச்சு நட்டு முடுக்கிக் குடுத்தாக."

"வேட்டி ஏன் நனஞ்சிருக்கு?"

"வாளியத் தட்டி விட்டுட்டாக" என்றார், பைபிளைத் தவிர வேறெதிலும் சத்தியம் செய்யாத டீச்சரம்மா.

சொட்டுத் தண்ணீருக்கு ஊரெல்லாம் அலைந்த தெருவில், தட்டிவிடுவதற்கு ஒரு வாளி நிறையத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கட்டிலுக்கு நட்டு முடுக்குவதற்காகத் தேரை விட்டாரே, என்னை விட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது. அன்று இரவு சாப்பிடும்போது பார்த்தேன், அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் பொத்துப் போயிருந்தது. வழக்கம்போல யாருக்கும் காட்டவில்லை. மடக்கி வைத்துக்கொண்டார். அம்மா அந்தக் கைகளை விரித்துப் பார்த்தாள், தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். அதன்பின் பையைப் பரணில் போட்டாள்.  நெல்லையப்பர் தண்ணீர் கொடுத்ததால் அம்மாவின் கோபம் தணிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குடத்தோடு வால்வுக்குப் போனேன். எங்கள் இடத்தில் வேறொரு குடம் இருந்தது.

"ஒங்க குடம் கடைசி" என்றாள் முக்கு வீட்டு அத்தை. "தண்ணிய அடைக்க எழுதிக் குடுத்த வீட்டுக்கு இனும கடைசிதான்."

கடைசியில் வைத்தேன். எனக்கு முன்னால், போன மாதம்தான் பால் காய்ச்சிய வீட்டின் குடம்கூட இருந்தது. அதோடு விட்டிருந்தால் சும்மா இருந்திருப்பேன். அத்தை விடவில்லை.

"நல்லவேள, உங்கப்பா தேருக்கு வரல. வந்திருந்தா நெல்லையப்பருட்டயும் ஒரு மனுவ நீட்டியிருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் வந்த கோபமும் அப்பாவின் மேல் முதல்நாளிலிருந்து இருந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

"வந்திருந்தா எங்கப்பா என்னய ராட்டினத்துல ஏத்தியிருப்பாவ!" என்று கத்தினேன். "வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு, டீச்சரம்மா வீட்டு ஸ்பேனர எடுத்து நட்டு முடுக்கிட்டு இருந்தாவ. வேட்டியெல்லாம் நனஞ்சு துருக்கற. அம்மா சோப்புப் போட்டும் போகல. வடம் பிடிக்காத ஆளுக்குக் கை ரெண்டும் பொத்துப் போயிருக்கு. கட்டிலு முடுக்குனா இப்பிடியா கை பொத்துப் போகும்?"

சிரிப்பு நின்றுவிட்டது.  ஒருத்தி ஓரமாகக் கிடந்த சிமென்ட் பலகையைப் பார்த்தாள். கடப்பாரை பட்டு அதன் விளிம்பு உடைந்திருந்தது. இன்னொருத்தி டீச்சரம்மாவின் வீட்டைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் எனக்கே பயமாகிவிட்டது, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் போல.

முக்கு வீட்டு அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிக்கு வந்தாள். என் குடத்தைத் தூக்கினாள். நாலாவது இடத்தையும் தாண்டிக்கொண்டு போனாள். பாதி நிறைந்திருந்த தன் குடத்தை நகர்த்திவிட்டு எங்கள் குடத்தை வால்வுக்கு அடியில் வைத்தாள்.

"நீங்கதான மொதல்ல பால் காய்ச்சுனிய?" என்று கேட்டேன்.

"பேசாமப் பிடி பிள்ள. இந்தக் கட்டிலு கதைய வேற யார்ட்டயும் சொல்லக்கூடாது, என்னா?"

கட்டிலுக்கு நட்டு முடுக்குவது அவ்வளவு வெட்கக்கேடான காரியமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த நகரில் நாங்கள் இருந்தவரை எங்கள் குடம் முதலில்தான் நின்றது. இப்போது நகர எல்லை எங்கள் தெருவையும் விழுங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. அதற்கும் மேற்கே இன்னொரு வயலில் இன்னொரு வளைவு எழும்பியிருக்கிறது, அதன் விளம்பரத் தாளிலும் சுவையான ஆற்றுக் குடிநீர் என்றே போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அன்று காலை குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, எண்ணெய் தடவிய கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு அப்பா புது மனு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். குழாய் இணைப்பு வேண்டும் என்று ஒரே ஒரு பத்திதான் இருந்தது. மனுவில் எதையும் விட்டுவிடாத மனிதர், முக்கியமானதை மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, வால்வு மறுபடியும் ஒழுகுது. அத எழுதலையா?"

அப்பா பேனாவை மூடிவைத்தார். அடுப்படியில் அம்மா சிரிப்பது கேட்டது. ஆற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்டதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.